சம்பந்திகள் சேர்ந்து ஆட அனுமதி கோருதல்

ராஜபாளையத்துக்கு வீடியோ கேம் வந்தது தொண்ணூற்று மூன்றாம் வருஷம். அதற்கு முன்னால் வீடியோ கேம் இல்லாத குறையால் ஊரில் யாரும் மெலிந்து போனதாகத் தகவல் இல்லை. வந்த பிறகோ, இது இல்லாமல் நம் முன்னோர்கள் எப்படித்தான் உயிரோடு இருந்தார்களோ என்று மில் தொழிலாளிகள் முதல் மளிகைக்கடை முதலாளிகள் வரை எல்லாரும் வியக்க ஆரம்பித்தார்கள். பெண் பார்க்க வந்தவர்களிடம், "மாப்பிள்ளை எந்த ஸ்டேஜ் வரைக்கும் போயிருக்காரு?" என்று பெண் வீட்டார் விசாரித்ததாகக்கூட ஒரு பேச்சு உண்டு.

இந்தப் புண்ணிய காரியத்தை நடத்தியது தும்பி ஒளித்திரை விளையாட்டு நிறுவனம். ஆடுகிற மெஷின்கள் எல்லாம் ராஜபாளையத்தில், பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு நீளமான கட்டடத்தில் இருந்தன. தலைமை அலுவலகம் மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூரில். இதற்குப் பின்னால் ஆழ்ந்த நிர்வாக நோக்கம் ஒன்று இருந்தது. முதலாளியின் மச்சினருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாடி காலியாகக் கிடந்தது.

உறுப்பினர் அல்லாதோர் மெஷினைத் தொடக்கூடாது. உறுப்பினருக்குப் போட்டோ ஒட்டிய கார்டு உண்டு. ஒரு ஸ்டேஜ் ஜெயித்தால் கார்டில் ஓர் ஓட்டை. கண்டக்டர்கள் டிக்கெட்டில் ஓட்டை போடும் கருவியை எங்கோ பிடித்து வைத்திருந்தான் கருத்தையா. அவன்தான் ராஜபாளையம் கிளையின் பொறுப்பாளர், காசாளர், ஜெனரேட்டர் இயக்குநர், குழந்தைகளை விரட்டுபவர் எல்லாம். எத்தனை ஓட்டையோ அந்த ஸ்டேஜிலிருந்து மறுநாள் ஆட்டத்தைத் தொடரலாம். ஊரில் கௌரவம் என்பது அந்த நாளில் ஓட்டைகளால் ஆனது.

பரிபூரணம் அங்கே ஆடப் போகவில்லை. ஆடி மாதச் சாரலுக்கு ஒதுங்கினாள், அவ்வளவுதான். கையில் காய்கறிப் பை, மனசில் பாரம்.

பாரம் இதுதான். மகளைக் கட்டிக் கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. கல்யாண ஆல்பத்தின் முதல் படத்தில், பரிபூரணம் தலையில் வைத்திருந்த மல்லிகைப் பந்துக்குப் பின்னால் மாப்பிள்ளையின் அம்மா ஜெயபாயின் முகம் மறைந்துவிட்டது. ஒரு காது மட்டும் தெரிந்தது. "பெத்து வளத்தவளுக்குக் காது மட்டும்தான் இருக்கா?" என்று கேட்ட ஜெயபாய், அதற்குப் பிறகு பேசவே இல்லை. இரண்டு வீடும் ஒரே ஊர், ஒரே சபை. ஆராதனையில் ஒருத்தி முதல் பெஞ்ச், இன்னொருத்தி கடைசி பெஞ்ச்.

திருப்பூரிலிருந்து மகள் போனில் முடிவாகச் சொல்லிவிட்டாள். "யம்மா, நீங்களும் அத்தையும் பேசிக்கிட்டாத்தான் நாங்க கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருவோம். இல்லேன்னா இங்கேயே கேக்கை வெட்டிக்கிடுதோம்."

பரிபூரணம் தினமும் காலையில் முழங்கால் போட்டு, "கர்த்தாவே, சம்பந்தியம்மா மனசை இளக்கும்" என்று கேட்டாள். தன் மனசையும் கொஞ்சம் இளக்கச் சொல்லிக் கேட்கலாம் என்று இரண்டு வருஷத்தில் ஒரு நாளும் தோன்றவில்லை.

"சும்மாதானே நிக்கீக, ஒரு ஆட்டம் போடுங்கக்கா" என்றான் கருத்தையா. மழையும் விடவில்லை. உட்கார்ந்தாள். திரையில் ஒரு சின்ன விமானம். எதிரே வருவதை எல்லாம் சுட வேண்டும். எறும்புக்குக்கூட விலகி நடக்கும் பரிபூரணத்துக்கு அப்படி ஒரு குறி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்! ஒவ்வொன்று விழும்போதும் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று சொல்லிச் சொல்லிச் சுட்டாள். சாரல் நின்று, வெயில் அடித்து, மறுபடி சாரல் பிடித்தபோது கார்டு எடுத்திருந்தாள். ஆவணி பிறக்கும்போது கார்டில் நாலு ஓட்டை.

ஐந்தாவது ஸ்டேஜில் மாட்டிக்கொண்டாள். அங்கே எதிரிகள் இரண்டு பக்கமும் வருவார்கள். இடது பக்கம் பார்த்தால் வலது பக்கம் அடி. வலது பக்கம் பார்த்தால் இடது பக்கம் அடி.

ஒரு நாள் அப்படித் திணறிக்கொண்டிருந்தபோது பக்கத்து மெஷினிலிருந்து ஒரு அலறல்.

"எடது பக்கம் வருது மதினி!"

கை தானாகத் திரும்பிச் சுட்டது. தப்பித்தாள். திரும்பிப் பார்த்தால் ஜெயபாய். அவளும் உறுப்பினர். அவள் கார்டிலும் நாலு ஓட்டை.

வாய் தவறிப் பேசியாகிவிட்டது. பேசியதைத் திரும்ப வாங்க முடியாது.

"நீங்க சொல்லலைன்னா போயிருப்பேன்" என்றாள் பரிபூரணம், திரையைப் பார்த்து.

"எனக்கும் அந்த எடத்துலதான் போவுது" என்றாள் ஜெயபாய், தன் திரையைப் பார்த்து.

சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. அதில் சிவப்பு விமானமும் நீல விமானமும் சேர்ந்து பறந்தன. சம்பந்திகள் இருவரும் அதைப் பார்த்தார்கள். பிறகு கருத்தையாவைப் பார்த்தார்கள்.

"ஏலே கருத்தையா, ரெண்டு பேரு சேந்து ஆடலாமா?"

"ஆடலாம்க்கா. ஆனா ஆடக்கூடாது."

"அது என்னலே பேச்சு?"

"மெஷின்ல முடியும். விதியில முடியாது." மெஷினுக்குப் பின்னால் கையை விட்டு, சாக்குத்துணியில் சுற்றி அரக்கு வைத்த ஒரு பொருளை எடுத்துக் காட்டினான். "இதுதான் ரெண்டாவது ஸ்டிக், இன்னொரு ஆளு பிடிச்சு ஆடுறதுக்கு. வில்லிபுத்தூர் ஆபீஸ்ல அனுமதி வாங்கியாந்தா அரக்கை உடைப்பேன். இதுவரைக்கும் யாரும் வாங்கியாந்ததில்ல."

சேத்தூரிலிருந்து வருகிற பஸ்ஸில் இருவரும் ஏறினார்கள். ஒருத்தி முன் சீட்டில், இன்னொருத்தி பின் சீட்டில். பேச்சுவார்த்தை வீடியோ கேம் சம்பந்தப்பட்டது மட்டும் என்பதால் வழியில் பேச ஒன்றும் இல்லை.

தலைமை அலுவலகம் ஒரு பால்கோவா கடையின் மாடியில் இருந்தது. அங்கே உறுப்பினர் நலன், குறைதீர்ப்பு மற்றும் ஒழுங்கு மேலாளர் திரு. சங்கரலிங்கம் அவர்கள் கழுத்தில் டை கட்டி வீற்றிருந்தார். அந்த வெயிலில் டை கட்டுவதற்குத் தனி மன உறுதி வேண்டும். மேஜையில் ஒரு கம்ப்யூட்டர். அதற்கு வெல்வெட் உறை, உறைக்கு மேல் பிளாஸ்டிக் உறை, பிளாஸ்டிக்குக்கு மேல் சந்தனம் குங்குமம். திறந்தால் தூசி புகும் என்று வாங்கிய நாள் முதல் திறக்கவில்லை. ஆனால் எதைக் கேட்டாலும், "கம்ப்யூட்டர்ல பாக்கணும்" என்றுதான் ஆரம்பிப்பார்.

"சேர்ந்து ஆடணுமா? எதுக்கு?"

"ஒத்தையா ஆடுனா ரெண்டு பக்கமும் வருது சார்."

"ஒரு பக்கத்தை முடிச்சிட்டு மறு பக்கத்தைப் பாருங்க. இந்த ஆபீஸ்ல நாங்க அப்படித்தான் பாக்குறோம்."

"அதுக்குள்ள செத்துப் போறோமே சார்."

"எங்ககிட்ட மனுக் குடுத்துட்டுக் காத்திருந்தவங்கள்லயும் சில பேரு போயிருக்காங்கம்மா. அதுக்காக நடைமுறையை மாத்த முடியுமா?"

இருவரும் யோசித்துப் பார்த்தார்கள். மாற்ற முடியாதுதான்.

"சரி, உங்க ரெண்டு பேருக்கும் என்ன உறவு?"

"சம்பந்தி."

மேலாளர் விதிகளைப் புரட்டினார். கணவன் மனைவி இருந்தது. உடன்பிறந்தோர் இருந்தது. நண்பர்கள் இருந்தது. சம்பந்தி இல்லை.

"ரத்த உறவா?"

"இல்ல சார்."

"அப்போ நண்பர்கள்னு வச்சுக்கலாமா?"

ஜெயபாய் திடுக்கிட்டுப் போனாள். "என்ன சார் இப்படிக் கேக்கீக? சம்பந்தி எங்கயாவது சிநேகிதமா இருப்பாகளா? ஊரு சிரிக்காது?"

"ஆமா சார்" என்றாள் பரிபூரணம். இந்த ஒரு விஷயத்தில் அவளுக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

மேலாளரின் முகம் தெளிந்தது. "அப்போ எதிராளிகள்! முதல்லயே சொல்லக்கூடாதா? எதிராளிகளுக்கு உடனடி அனுமதி உண்டு. குஸ்தி ஆட்டம் இருக்கு. ஒருத்தரை ஒருத்தர் நல்லா அடிச்சுக்கலாம்."

"நாங்க அடிச்சுக்கிட வரலையே சார். சேந்து ஆடத்தானே கேக்கோம்."

"அம்மா, அடிச்சுக்கறதுக்கு இந்த ஆபீஸ்ல யாரும் தடை சொல்ல மாட்டோம். உறவு கேக்க மாட்டோம், எதையும் கேக்க மாட்டோம். சேர்றதுன்னாத்தான் விசாரிக்கணும். ஜனங்க ஒண்ணு சேர்ந்தா அடுத்தது என்ன பண்ணுவாங்கன்னு சொல்ல முடியாது பாருங்க."

அப்படியாக, சேர்ந்து ஆட அனுமதி கேட்டுப் போனவர்கள் அடித்துக்கொள்ள அனுமதி வாங்கித் திரும்பினார்கள்.

கருத்தையா குஸ்தி மெஷினைத் திறந்துவிட்டான். திரையில் தாடி வைத்த ஒரு பயில்வான், சிவப்பு லங்கோடு கட்டிய ஒரு பயில்வான். தாடி பரிபூரணத்துக்கு, லங்கோடு ஜெயபாய்க்கு. மணி அடித்தது. கூட்டம் கூடியது. சம்பந்திகளே சண்டை போடுகிறார்கள் என்றால் யார்தான் வேலைக்குப் போவார்கள்? மில்லில் ஷிப்ட் முடிந்தவர்கள் வீட்டுக்குப் போகவில்லை, ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள் மில்லுக்குப் போகவில்லை.

"நீங்க அடிங்க மதினி" என்றாள் பரிபூரணம். "மாப்பிள்ளை வீட்டுக்காரக. உங்களுக்குத்தான் மொத மரியாதை."

"நல்லா இருக்கே! பொண்ணு குடுத்தவக மேல நான் மொதக் கையை நீட்டுனா நாளைக்கு என்ன பேச்சு வரும்? நீங்க அடிங்க. நான் தப்பா எடுத்துக்கிட மாட்டேன்."

"அய்யோ, எனக்குக் கை வராது மதினி."

"சும்மா ஒரு தட்டு தட்டுங்க. சம்பிரதாயத்துக்கு."

பயில்வான்கள் இருவரும் தோளைக் குலுக்கிக்கொண்டு அப்படியே நின்றார்கள். நேரம் முடிந்தது. ஆட்டம் சமம். சமம் ஆனால் மறுபடி ஆட வேண்டும் என்பது விதி. மறுபடி மணி. மறுபடி, "நீங்க அடிங்க." மறுபடி சமம். கூட்டம் பொறுமை இழந்தது.

"அக்கா, ஒரு குத்து விடுங்கக்கா! எங்களுக்காக!"

"நாங்க ஆட வேண்டாமா? நீங்க அடிச்சு முடிச்சாத்தானே எங்களுக்கு மெஷின் கிடைக்கும்?" என்று லீவில் வந்திருந்த ஒரு ராணுவ வீரர் கெஞ்சினார். எல்லையில்கூட இத்தனை நேரம் காத்திருக்கவில்லை என்றார்.

அந்த நேரம் பார்த்து ஜெயபாயின் வளையல் ஒரு பட்டனில் இடித்துவிட்டது. லங்கோட்டுப் பயில்வான் காலைத் தூக்கி ஓங்கி ஒரு உதை விட்டான். தாடிக்காரன் குப்புற விழுந்தான். கூட்டம் ஆரவாரம் செய்தது.

ஜெயபாய் ஸ்டிக்கை விட்டுவிட்டுப் பரிபூரணத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயையோ, மன்னிச்சிருங்க மதினி! வேணும்னு செய்யல. வளையல் பட்டுருச்சு!"

பரிபூரணம் விழுந்து கிடந்த பயில்வானைப் பார்த்தாள். ஜெயபாயின் முகத்தைப் பார்த்தாள்.

"அன்னைக்கு என் தலையில இருந்த பூவும் அப்படித்தான் மதினி. வேணும்னு மறைக்கல" என்றாள். இரண்டு வருஷமாகத் தொண்டையில் கிடந்த வார்த்தை. மெதுவாகத்தான் வந்தது. ஜெயபாய் மூக்கை உறிஞ்சினாள். தாடிக்காரன் எழுந்திருக்கவில்லை. அவனை யாரும் கவனிக்கவும் இல்லை.

மறுநாள் இரண்டு பேருடைய கார்டுகளும் முடக்கப்பட்டன. குற்றம்: சண்டை ஆட்டத்தில் சமாதானமாக இருந்தது. கூடுதல் குற்றம்: அடித்த பிறகு மன்னிப்புக் கேட்டது.

நாலு நாலு ஓட்டைகள் வீணாகிவிடும் என்ற கவலை ஒரு பக்கம். கார்டு இல்லாவிட்டால் சம்பந்தியம்மாவைப் பார்க்க என்ன சாக்கு என்ற கவலை இன்னொரு பக்கம். அழைக்காமல் சம்பந்தி வீட்டுப் படி ஏற முடியாது. அழைக்க ஒரு விசேஷம் வேண்டும். சும்மா பேச வந்தேன் என்று சொல்ல சம்பந்திகளுக்கு உலகத்தில் இடம் இல்லை. புதிதாக ஒட்டிய உறவு காய்வதற்குள் பிரித்துவிடுவார்கள் போலிருந்தது. கிறிஸ்துமஸ் வேறு நெருங்குகிறது.

மறுபடி சேத்தூர் பஸ். இந்தத் தடவை ஒரே சீட்டு. நடுவில் மட்டும் ஒரு பை.

"முடக்கத்தை நீக்கணுமா? தாராளமா நீக்கலாம்" என்றார் சங்கரலிங்கம். "நீங்கதான் அந்த உறுப்பினர்னு நிரூபிச்சாப் போதும்."

"எப்படி சார் நிரூபிக்க?"

"ராஜபாளையம் போயி உங்க கார்டுல ஆடிக் காட்டணும்."

"அங்க போனா கார்டு முடங்கியிருக்குன்னு ஆட விட மாட்டேங்கானே சார்."

"முடங்கியிருந்தா எப்படிம்மா ஆட விடுவாங்க?"

"அப்போ முடக்கத்தை நீக்குங்க."

"நிரூபிக்காம எப்படிம்மா நீக்குறது?"

பரிபூரணம் கார்டை நீட்டினாள். "இதுல என் போட்டோ இருக்கே சார்."

மேலாளர் போட்டோவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "போட்டோவுல இருக்கிறவங்க சிரிச்சிக்கிட்டு இருக்காங்க. நீங்க சிரிக்கலையே?"

அங்கேதான் ஜெயபாய்க்குப் பொறுமை போனது. "சிரிக்கிற மாதிரியா சார் நீங்க பேசுதீக?" என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்தால் அவளை நிறுத்த மில் சங்கு ஊத வேண்டும். டையில் தொடங்கி, திறக்காத கம்ப்யூட்டருக்கு வந்து, அதற்கு வைத்த குங்குமத்தைக் கேட்டு, முதலாளியின் மச்சினர் வரைக்கும் போனாள். மூச்சு வாங்க அவள் நிறுத்திய இடத்தில் பரிபூரணம் எடுத்துக்கொண்டாள். அவள் திட்டுவது வேறு மாதிரி. குரல் உயராது. "உங்களுக்கு நல்ல புத்தி வரணும்னு இன்னையில இருந்து ஜெபம் பண்ணுதேன் சார். எம்புட்டு நாளாகும்னு தெரியல. கர்த்தருக்கே பெரிய வேலைதான். ஆனாலும் விடமாட்டேன்."

மேலாளர் ஜெயபாய் பக்கம் திரும்பினால் பரிபூரணம் தொடங்கினாள். பரிபூரணத்துக்குப் பதில் சொல்ல வாயெடுத்தால் ஜெயபாய் மறித்தாள். இவள் விட்ட வார்த்தையை அவள் பிடித்தாள். அவள் தொடங்கிய வாக்கியத்தை இவள் முடித்தாள். பால்கோவா கடைக்கு வந்தவர்கள் பொட்டலத்தோடு மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்து கேட்டார்கள்.

எல்லாம் ஓய்ந்த பிறகு சங்கரலிங்கம் முகத்தைத் துடைத்துக்கொண்டு விதிகளைப் புரட்டினார். மனுஷர் விதிக்கு உண்மையானவர். அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

"சேர்ந்து ஆட அனுமதி கோருவோர், சேர்ந்து செயல்படும் திறனை மேலாளர் முன்னிலையில் ஐயந்திரிபற மெய்ப்பிக்க வேண்டும்னு இருக்கு" என்று படித்தார். "மெய்ப்பிச்சிட்டீங்கம்மா. ஒரு வாரத் தற்காலிக அனுமதி தர்றேன். முடங்கினவங்களுக்கு அனுமதி தர முடியாதுங்கறதால, முடக்கம் தானாகவே நீங்கியதாகக் கருதப்படும்."

அரக்கு உடைந்தது. இரண்டாவது ஸ்டிக் வெளிச்சத்துக்கு வந்தது. கருத்தையா அதற்கு ஒரு சூடம் காட்டினான். சிவப்பு விமானமும் நீல விமானமும் சேர்ந்து பறந்தன.

எத்தனை நேரம்? காப்பி ஆறுகிற நேரம்கூட இல்லை.

"சிவப்பு எனக்கு மதினி. மாப்பிள்ளை வீடு" என்றாள் ஜெயபாய்.

"மொதல்ல கார்டு எடுத்தது நான்" என்றாள் பரிபூரணம்.

"எதுக்கு என் வழியில குறுக்க வாரீக?"

"நீங்க மேலேயே பறந்தா நான் எங்க போவேன்?"

"அந்த உசிரு என்னோடது! அதையும் நீங்களே எடுத்துக்கிட்டீகளே!"

ஐந்தாவது ஸ்டேஜைத் தாண்டினார்கள். ஆறில் செத்தார்கள். யாரால் செத்தார்கள் என்ற கேள்விக்கு இரண்டு வீட்டிலும் இரண்டு பதில் இருந்தது. வாரக் கடைசியில் பரிபூரணம் மறுபடி முதல் பெஞ்சுக்கும் ஜெயபாய் கடைசி பெஞ்சுக்கும் போய்விட்டார்கள்.

அனுமதி முடிந்தது. புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க இருவரும் நேரில் வர வேண்டும். சேர்ந்து செயல்படும் திறனை மறுபடி மெய்ப்பிக்கவும் வேண்டும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்கள். மாடி ஏறினார்கள். சங்கரலிங்கம், "போன வாரம் மெய்ப்பிச்சது போன வாரத்துக்கு" என்றார். அவ்வளவுதான். ஜெயபாய் ஆரம்பித்தாள், பரிபூரணம் எடுத்துக்கொண்டாள். திரும்பும்போது ஒரே பால்கோவா பொட்டலத்தில் இரண்டு பேரும் கைவைத்தார்கள். "குங்குமம் வச்ச கம்ப்யூட்டருக்கு எப்ப வளைகாப்புன்னு கேட்டீகளே மதினி, அந்த ஆளு மூஞ்சியைப் பாக்கணுமே!" என்று ஜெயபாய் சொல்ல, பரிபூரணத்துக்குச் சிரிப்பில் புரை ஏறியது. பஸ்ஸில் நடுவில் பை இல்லை.

ஆடினால் பகை, திட்டினால் உறவு என்பது அவர்களுக்குப் புரிந்தது. ஆனால் சொல்லிக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை ஆனால் போய்விடுவார்கள்.

ஊர் சும்மா இருக்குமா? பேசாதிருந்த சம்பந்திகள் தோளில் கைபோட்டு வருகிறார்கள் என்ற செய்தி பரவியது. அடுத்த வாரம் ஒரு மாமியாரும் மருமகளும் போனார்கள். காலையில் முகம் கொடுக்காமல் போனவர்கள், மாலையில் ஒரே குடையில் திரும்பினார்கள். சோழபுரத்திலிருந்து கிணற்றுத் தகராறில் பங்காளிகள் இருவர் வந்தார்கள். மில்லில் ஒருத்தரை ஒருத்தர் கண்டால் ஆகாத இரண்டு மேஸ்திரிகள் வந்தார்கள். எல்லாருக்கும் ஒரே குணம், ஒரே மருந்து. "நீங்க சங்கரலிங்கத்தைத் திட்டியாச்சா?" என்று கேட்பதுதான் அந்த ஐப்பசியில் ராஜபாளையத்தின் நாகரிகம். போகாதவர்கள் விசேஷ வீடுகளில் பேச்சில்லாமல் தனியாக நின்றார்கள்.

மாடிப்படியில் ஒரு பலகை மாட்டப்பட்டது: "திட்ட வருவோர் இருவராக வரவும். தனியாகத் திட்ட அனுமதி இல்லை." ஆலங்குளத்திலிருந்து ஒருவர் தெரியாமல் ஒற்றையாக வந்துவிட்டார். பலகையைப் பார்த்துக் கண் கலங்கி, பால்கோவா வாங்க வந்த ஒருவரைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு மேலே போனார். இறங்கும்போது இருவரும் உயிர் நண்பர்கள்.

ராஜபாளையத்திலோ எல்லா மெஷின்களிலும் அரக்கு உடைத்த இரண்டாவது ஸ்டிக் தொங்கியது. ஆடத்தான் யாரும் இல்லை. கருத்தையா தானே சிவப்பாகவும் தானே நீலமாகவும் ஆடிப் பார்த்து, தன்மேலேயே கோபித்துக்கொண்டு நிறுத்திவிட்டான்.

டிசம்பர் பிறந்தது. அந்த வியாழக்கிழமை சம்பந்திகள் மாடி ஏறியபோது சங்கரலிங்கம் டை கட்டவில்லை. கன்னம் ஒட்டிப் போயிருந்தது. எழுந்து நின்று கும்பிட்டார்.

"அம்மா, உங்களுக்கு ஆயுட்கால அனுமதி போட்டாச்சு. இனி புதுப்பிக்க வேண்டாம். மெய்ப்பிக்க வேண்டாம். நீங்க இங்க வரவே வேண்டாம்."

புதுக் கார்டைக் கையில் வாங்கிக்கொண்டு இறங்கினார்கள். பாதிப் படியில் ஜெயபாய் நின்றாள்.

"அப்போ வியாழக்கிழமை?"

"வீட்டுலதான்."

"நீங்க உங்க வீட்டுல. நான் எங்க வீட்டுல."

கிறிஸ்துமஸுக்கு இன்னும் மூன்று வாரம். பிள்ளைகள் டிக்கெட் எடுத்துவிட்டார்கள். மூன்று வாரமும் தாக்குப்பிடிக்க அந்தச் சிவப்பு விமானத்தை நம்ப முடியுமா? பரிபூரணம் படியிலேயே கண்ணை மூடி ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு திரும்பி மேலே ஏறினாள். ஜெயபாய் எதுவும் கேட்காமல் பின்னால் ஏறினாள்.

"சார், எங்க கார்டை முடக்கிருங்க."

சங்கரலிங்கம் நிமிர்ந்து பார்த்தார். "எதுக்கும்மா?"

"சும்மாதான். போன தடவை முடக்குனீகளே, அதே மாதிரி."

"அது ஆபீஸா முடக்குனது. அதுக்குக் காரணம் தேவையில்லை. உறுப்பினரே கேட்டு முடக்கணும்னா தக்க காரணம் காட்டணும்மா. விசாரிக்கணும். அதுக்கும் முன்னால..." அவர் குரலில் ஒரு தெம்பு வந்தது. "அதுக்கும் முன்னால, நீங்கதான் அந்த உறுப்பினர்னு நிரூபிக்கணும்."

"கார்டு இருக்கே சார்."

"ஆயுட்கால கார்டுல போட்டோ கிடையாதும்மா."

ஜெயபாயின் முகம் மலர்ந்தது. பரிபூரணம் கைப்பையைக் கீழே வைத்தாள். சங்கரலிங்கம் மேஜை இழுப்பறையைத் திறந்து டையை எடுத்துக் கட்டிக்கொண்டார். கீழே எட்டிப் பார்த்து, "மூணு டீ!" என்று குரல் கொடுத்தார். பிறகு இரண்டு நாற்காலிகளைத் துடைத்து, தனக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இழுத்துப் போட்டார்.

"உக்காந்தே திட்டுங்கம்மா" என்றார் குரலைத் தாழ்த்தி. "வீட்டுல எனக்கும் என் சம்சாரத்துக்கும் பேச்சு வார்த்தை நின்னு மூணு மாசம் ஆச்சு. என்கிட்ட நாலு வார்த்தை பேசுறதே நீங்கதான்."

பரிபூரணத்துக்கு அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் வந்த காரியம் என்று ஒன்று இருக்கிறதே. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஜெபம் பண்ணிட்டு ஆரம்பிப்போமா மதினி?"

சங்கரலிங்கமும் கண்ணை மூடிக்கொண்டார்.